பழைய காருக்குப் புதிய வலிமை

வண்டிக்கு வயது ஏறுவது இயல்பு. ஆனால் வயது ஏறிய வண்டி அனைத்தும் வலிமை குன்றியது என்று கொள்வது பொருந்தாது. 1948ஆம் ஆண்டில் இலண்டன் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட மொறிஸ் மைனரும், 1952 முதல் 1954 வரை உற்பத்தியான ஒஸ்ரின் ஏ 40 சோமசெற்றும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளில் இன்றும் கண்ணில் படுகின்றன. கல்யாண வீட்டுக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு ஓடி உழைத்த வண்டிகள் அவை. இவற்றைப் போன்ற சிறிய கார்கள் உலகின் வேறு பகுதிகளில் மோட்டார் றலி என்னும் கடுமையான போட்டியில் ஈடுபடுத்தப்பட்டன. யாழ்ப்பாணத்து வாடகைக் காருக்கும் றலிக் காருக்கும் என்ன உறவு என்ற வினா எழலாம். இரண்டும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன. காரின் வலிமை முதலில் அதன் உடற்கூட்டில் இருக்கிறது. அடுத்துச் சில்லுகளைத் தாங்கும் மூட்டுகளில் இருக்கிறது. பின்னர் பிறேக்கில் இருக்கிறது. எஞ்சினின் வேகம் வரிசையில் கடைசியாகவே வருகிறது.

றலி என்பது வட்டப் பாதையில் பல கார்கள் ஒன்றையொன்று முந்தி ஓடும் பந்தயத்தினின்றும் வேறுபட்டது. பொதுமக்கள் போக்குவரத்துக்கு மூடப்பட்ட ஒரு வீதித் துண்டு தெரிந்தெடுக்கப்படும். அதற்கு விசேட கட்டம் என்று பெயர். கார்கள் ஒவ்வொன்றாக, குறித்த இடைவெளி விட்டு அனுப்பப்படும். ஒவ்வொரு கார் எடுத்துக்கொண்ட நேரமும் தனித்தனியே கணிக்கப்படும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குச் சாதாரண வீதியில், வீதிச் சட்டங்களுக்கு அடங்கியே செல்லவேண்டும். சாரதியின் அருகே மற்றொருவர் அமர்ந்து, வரப்போகும் வளைவுகளையும் பள்ளங்களையும் குறிப்பேட்டிலிருந்து வாசித்துக்கொண்டே இருப்பார். பாதை பெரும்பாலும் கல்லும் மண்ணுமாக இருக்கும். பல கட்டங்களிலும் பட்ட நேரத்தைக் கூட்டிப் பார்க்கும்போது எவருக்கு மிகக் குறைந்த நேரம் வருகிறதோ அவரே வெற்றி பெற்றவர். எனவே ஒரு கட்டத்தில் மின்னலென ஓடி அடுத்த கட்டத்தில் முறிந்து நிற்கும் கார் எந்தப் பயனும் தராது.

இதற்கு வரலாறு சான்று பகர்கிறது. பிரித்தானியாவின் ஆர்.ஏ.சி. றலியில் 1960ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தில் ஒரு விசேட கட்டம் சேர்க்கப்பட்டது. 1961 முதல் காட்டுப் பாதைகள் போட்டியின் முக்கிய அங்கமாயின. 1960, 1961, 1962 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வெற்றி பெற்றவர் சுவீடன் நாட்டு எரிக் கார்ல்சன். அவர் ஓட்டிய சாப் 96 காரின் எஞ்சின் 841 கன சென்ரிமீற்றர் கொள்ளளவே உடையது. இன்றைய பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சின்கள் சிலவற்றைவிட அது சிறியது. 1968ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து சிட்னி வரை நடந்த நெடும் போட்டி, தில்லி வழியாகப் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி அவுஸ்திரேலியாவில் தொடர்ந்தது. முடிவை நெருங்கும் வேளையில் முன்னிலையில் நின்ற சித்ரோன் கார் எதிரே வந்த வேறொரு காருடன் மோதிச் சிதைந்தது. அன்றூ கோவனும் அவருடைய இரு தோழர்களும் சென்ற ஹில்மன் ஹன்ரர் கார் வென்றது. அது சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் கார். ஆனால் பொறுமையோடும் கவனத்தோடும் உறுதிப்படுத்தப்பட்ட கார்.

யாழ்ப்பாணத்தின் கதை போட்டியால் எழுந்ததன்று, தேவையால் எழுந்தது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கைக்குக் கார்கள் வருவது பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் அதற்கு முன் வந்த ஆங்கிலேயக் கார்களையே பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டவேண்டியதாயிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் தெற்கில் யப்பானியக் கார்கள் பெருகின. வடக்கிலோ போர் மூண்டது. 1990 யூன் மாதத்தில் மீண்டும் யுத்தம் தொடங்கியபின் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை இறுகியது. மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றறியும் உதிரிப் பாகங்களும் தடைப்பட்ட பொருள்களாயின. துவிச்சக்கர வண்டியே மக்களின் பிரதான வாகனமாயிற்று. அந்நிலையிலும் நோயாளியையும் பிள்ளைப்பேற்றுக்குரிய தாயையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல ஏதேனும் ஒரு கார் ஓடித்தான் ஆகவேண்டும். ஓடியது பழைய ஒஸ்ரினும் மொறிசுமே. அவை ஓடியது மண்ணெண்ணெயில்.

பெற்றோலுக்கென்று அமைந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எவ்வாறு ஓடும்? மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. முதலில் சிறு போத்தலிலுள்ள பெற்றோலைக் கொண்டு எஞ்சினை உயிர்ப்பிக்கவேண்டும். சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். ஆங்கிலேய நாட்டின் பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை 1949 முதல் இதே முறையில்தான் இயங்கியது. அழுத்தம் மிகுந்த புதிய எஞ்சின்களில் மண்ணெண்ணெய் உரிய கணத்துக்கு முன்பே வெடித்து உறுப்புகளைத் தட்டிச் சிதைக்கும். ஏ 40 காரின் எஞ்சினில் அழுத்தம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற குறைந்த அளவினதாதலின் அது தாக்குப்பிடித்தது. பற்றறி வலுக் குன்றியிருந்தாலும் முன்புறத்தில் கைப்பிடியைச் செருகிச் சுற்றி எஞ்சினை இயக்க முடிந்தது. ஆயினும் இதற்குக் கொடுத்த விலை உண்டு. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதை நீர்த்துவிடும். அளவுகோலை எடுத்துப் பார்த்தால் எண்ணெயின் மட்டம் உயர்ந்திருக்கும். அறியாதவர் அதைக் கண்டு மகிழ்வார். அறிந்தவர் உடனே எண்ணெயை மாற்றுவார். அளவுகோலை அன்றாடம் பார்க்கும் அந்த வழக்கமே எஞ்சினைக் காப்பாற்றியது.

றலிக்கு ஒரு பழைய காரை ஆயத்தம் செய்வோர் மேற்கொள்ளும் முறையும் இத்தகைய உற்றுநோக்கலில்தான் தொடங்குகிறது. மொறிஸ் மைனரையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரை வடிவமைத்தவரும் அவரே. சோமசெற்றில் தனி அடிச்சட்டம் உண்டு. அதன்மீது உடல் பொருத்தப்பட்டிருக்கும். மைனரில் தனிச்சட்டம் இல்லை. தகட்டால் ஆன உடற்கூடே பாரம் முழுவதையும் தாங்குகிறது. ஆகவே மைனரில் துருப்பிடித்த தகடு அழகுக் குறையன்று. முறிந்த எலும்புக்கு ஒப்பானது.

முதல் வேலை, இருக்கைகளையும் விரிப்புகளையும் எஞ்சினையும் அகற்றி வெறுங்கூட்டைப் பார்ப்பது. குடாநாட்டின் மூன்று பக்கமும் உவர்க்காற்று வீசுகிறது. பண்ணைப் பாலத்தின் வழியாகத் தீவுகளுக்குச் சென்று திரும்பும் காரின் அடிவயிறு உப்பில் தோய்கிறது. கதவுகளின் கீழே நீளமாக ஓடும் பெட்டிவடிவ விளிம்பு, அதனுடன் சேரும் குறுக்குச்சட்டம், எஞ்சினைத் தாங்கும் முன்கால்கள், பின் ஸ்பிறிங்குகள் தொங்கும் பிடிகள் ஆகிய இடங்களே மைனரில் முதலில் அரிக்கப்படுபவை. சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல தகடு கணீரென ஒலிக்கும். உளுத்த தகடு மந்தமாக ஒலிக்கும். உளுத்த பகுதியின்மேல் புதுத் தகட்டை ஒட்டிப் பூசி மறைப்பது ஏமாற்று வேலை. கெட்டதை வெட்டி அகற்றி, நல்ல இரும்பு தோன்றும் இடத்திலிருந்தே புதுத் தகட்டைப் பற்றவைக்கவேண்டும். வெட்டுவதற்கு முன் கூட்டைச் சமதளத்தில் நிறுத்தி, கதவு வாயில்களுக்குக் குறுக்கே தாங்குகம்பி வைத்தல் அவசியம். இன்றேல் கூடு வளைந்து, பின்னர் கதவு பூட்டாது. சில்லுகளும் ஒரே நேரில் ஓடா.

இரண்டாவது, கூட்டை இறுக்குதல். தொழிற்சாலையில் தகடுகள் இடையிடையே புள்ளிகளாகவே பற்றவைக்கப்பட்டவை. கரடுமுரடான பாதையில் அப்புள்ளிகளுக்கு இடையே தகடுகள் அசைந்து, காலப்போக்கில் கிழியும். ஆதலின் இணைப்பு விளிம்புகளில் ஓர் அங்குலம் பற்றவைத்து ஓர் அங்குலம் விட்டு, தையல் போட்டாற்போல் இணைப்பது வழக்கம். ஒரே பக்கமாகத் தொடர்ந்து சூடேற்றினால் கூடு முறுகும். ஆகவே வலமும் இடமும் மாறிமாறிச் செய்வர். ஸ்பிறிங்குப் பிடிகள், அதிர்வுதாங்கிகள் பொருந்தும் இடங்கள், சுக்கான்பெட்டி பொருந்தும் இடம் ஆகியவற்றுக்கு மேலதிகத் தகடு வைப்பர். இங்கே ஒரு விதியை மறத்தலாகாது. ஓரிடத்தை மிகையாக வலுப்படுத்தினால் அடி அங்கே நில்லாது அடுத்த மெலிந்த இடத்துக்குப் போகும். மேலும் சேர்த்த தகடு ஒவ்வொன்றும் பாரம். எனவே வலிமையைப் பரவலாகப் பகிர்ந்தளிப்பதே கலை. வேலை முடிந்தபின் உட்பொந்துகளுக்கு மெழுகெண்ணெய் பாய்ச்சி, நீர் வடியும் துளைகளைத் திறந்துவைத்தால் உப்பு மீண்டும் விரைவில் குடியேறாது.

மூன்றாவது, உள்ளிருப்போரின் உயிர். கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் காக்க, உள்ளே இரும்புக் குழாயாலான காப்புக்கூண்டு அமைக்கவேண்டும். உலக மோட்டார்ச் சம்மேளனத்தின் விதிப்படி, ஆசனத்தின் பின்னுள்ள பிரதான வளைவு, இணைப்பில்லாது இழுத்துச் செய்த உருக்குக் குழாயாக, 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும் உடையதாக, அல்லது 50 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் உடையதாக இருத்தல் வேண்டும். அதன் அடி ஊன்றும் இடத்தில் 3 மில்லிமீற்றர் தடித்த, குறைந்தது 120 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள தகட்டைக் கூட்டோடு பற்றவைக்கவேண்டும். தண்ணீர்க் குழாய் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதனால் கூண்டு செய்வது பேராபத்து. அது மடியும் அல்லது இணைப்பில் பிளக்கும். பார்வைக்குக் கூண்டாகவும், விபத்தில் பொறியாகவும் முடியும். பலவார் கொண்ட இருக்கைப்பட்டி, தலைக்கவசம், தீயணைகருவி, வெளியிலிருந்தும் மின்னோட்டத்தைத் துண்டிக்கக்கூடிய விசை ஆகியனவும் கூண்டோடு சேர்ந்தவை.

நான்காவது, சில்லைத் தாங்கும் மூட்டுகள். மைனரின் முன்சில்லு ஒவ்வொன்றும் மேலும் கீழும் திருகுமரை கொண்ட மூட்டுகளில் திரும்புகிறது. கீழ்மூட்டுக்குக் கிறீஸ் செல்லாவிடின் மரை தேய்ந்து, ஒருநாள் முன்னறிவிப்பின்றிக் கழன்றுவிடும். உடனே சில்லு மடங்கிக் காரின் மூக்கு நிலத்தில் குத்தும். மெதுவாகத் திரும்பும்போது நேர்ந்தால் அது நாணம். விரைந்து செல்லும்போது நேர்ந்தால் மரணம். சில்லை நிலத்தினின்று உயர்த்தி, பழைய அழுக்குக் கிறீஸ் வெளியே வழியும்வரை புதியதைச் செலுத்துவதே சரியான முறை. வடமராட்சி கிழக்கின் மணற்பாதைகளில் ஓடும் வண்டிக்கு, மணலும் உவர்நீரும் மூட்டினுள் புகுவதால், இவ்வேலையை இன்னும் அடிக்கடி செய்தல் நன்று. கார் வாங்க நினைப்பவர் வர்ணத்தைத் தடவிப் பார்ப்பதற்கு முன் சில்லை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்ப்பது நலம்.

அதிர்வுதாங்கிகளைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். மைனரிலுள்ளவை நெம்புகை வடிவில் எண்ணெய் நிரம்பியவை. நெடுந்தூரம் குழிகளில் குதிக்கும்போது உள்ளிருக்கும் எண்ணெய் சூடேறி நுரைத்து, தாங்கும் தன்மையை இழக்கும். அதனால் றலிக் கார்களில் நீண்ட குழாய்வடிவத் தாங்கிகளைப் பொருத்துகின்றனர். பின் ஸ்பிறிங்குக்கு ஒரு தகடு கூடுதலாகச் சேர்ப்பதும் உண்டு. ஸ்பிறிங்கை அச்சோடு கட்டும் வளைவாணிகளை முதல் ஓட்டத்துக்குப்பின் கட்டாயம் மீண்டும் முறுக்கவேண்டும். புதுத் தகடுகள் படிந்தபின் அவை தளர்வது இயல்பு.

காரின் அடிப்பகுதி ஐந்தாவது. எஞ்சின் எண்ணெய்த் தொட்டியில் ஒரு கல் மோதினால் எண்ணெய் வடிந்து சில நிமிடங்களில் எஞ்சின் இறுகிவிடும். அதற்காகத் தடித்த அலுமினியத் தகட்டைப் படகின் முன்புறம்போல் வளைத்துக் கீழே கட்டுவர். அதனை எஞ்சினோடு பிணைக்காது, உடற்கூட்டின் உறுதியான கால்களோடே பிணைக்கவேண்டும். எண்ணெயை வடிக்கவும் காற்றுப் போகவும் வழி விடவேண்டும். பெற்றோற் குழாயையும் பிறேக் குழாயையும் கல்லடி படாதவாறு காரின் உட்புறமாகக் கொண்டுசெல்வது றலிக்காரரின் வழக்கம்.

ஆறாவது, பிறேக். இப்பழைய கார்களில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே திரவச் சுற்றே உண்டு. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு பிறேக்கும் ஒருங்கே போய்விடும். போட்டிக்குச் செல்லும் காரில் சுற்றை இரண்டாகப் பிரித்தல் இன்றியமையாதது. மைனரின் பிறேக் மேளங்கள் தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடியை இழப்பவை. ஆதலால் முன்சில்லுகளுக்குத் தட்டுப் பிறேக் பொருத்துகின்றனர். பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கடலோர நாட்டில் அதனைக் காலந்தவறாது மாற்றவேண்டும்.

இவை யாவும் முடிந்தபின்னரே எஞ்சின். 1956இல் மைனருக்கு வந்தது 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின். அது 37 குதிரைவலு தந்தது. 1962இல் வந்த 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 48 குதிரைவலு தந்தது. ஒஸ்ரின் கம்பனியில் 1951இல் பிறந்த இவ்வெஞ்சின் வரிசை மினி காருடன் 2000ஆம் ஆண்டுவரை நீடித்ததால், 1275 கன சென்ரிமீற்றர் உள்ள பிற்கால உறவினனையும் மைனரில் பொருத்த முடிகிறது. ஆனால் வலுக் கூடியவுடன் பற்சக்கரப் பெட்டியும் பின்னச்சின் உட்தண்டுகளும் முறியத் தொடங்கும். அவற்றையும் மாற்றாமல் எஞ்சினை மட்டும் மாற்றுவது நோயை இடம் மாற்றுவதேயாகும். யாழ்ப்பாணத்து வெயிலில் வலுவைவிடக் குளிர்ச்சி முக்கியம். உள்ளே சுண்ணாம்புப் படிவு அடைந்த றேடியேற்றரைச் சுத்தம் செய்வதும், நல்ல காற்றுவடிகட்டி வைப்பதும் சில குதிரைவலுவைக் கூட்டுவதைவிடப் பெரும் பயன் தரும். குடாநாட்டின் நிலம் சுண்ணக்கற் பாறையாலானது. கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுதி. மழைநீரையோ வடித்த நீரையோ றேடியேற்றருக்கு ஊற்றுவது சிறு செலவில் பெரிய பாதுகாப்பு.

இத்தனைக்கும் மேலாக ஒன்று உண்டு. அது பொருளன்று, பழக்கம். றலியில் ஒவ்வொரு கட்டத்தின் பின்னரும் கார் சோதிக்கப்படும். எந்த ஆணி தளர்ந்தது, எங்கே எண்ணெய் கசிந்தது என்பன குறித்துவைக்கப்படும். தடைக்காலத்து யாழ்ப்பாணத்தில் கார் பழுதுபார்த்தோரும் அதனையே செய்தனர். உதிரிப் பாகம் வாராத நாட்டில் ஒரு பாகம் முறிவதற்கு முன்பே அதன் தேய்வை அறிவது தவிர வேறு வழியில்லை. முறிந்தபின் மாற்றுவது செல்வம் உள்ளவர் முறை. முறியுமுன் உணர்வது அறிவுடையோர் முறை. அந்த அறிவு பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படாது கைகளிலேயே தங்கியிருக்கிறது. அக்கைகள் முதுமை எய்துகின்றன. கணினி கொண்டு பழுது காணும் இன்றைய கார்களைப் பயிலும் இளைஞர், ஒரு பழைய காரையேனும் முழுமையாகக் கழற்றிப் பூட்டும் முறையை அம்மூத்தோரிடம் பயில்வராயின், அது குடாநாட்டின் தொழிலறிவுக்குச் சேரும் முதலாகும்.

இறுதியாக, உறுதிப்படுத்திய காரை ஓட்டும் இடத்தைப் பற்றியும் சிந்தித்தல் வேண்டும். இலங்கையில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. 2024 ஏப்ரல் 21ஆம் தேதி தியத்தலாவையில் நடந்த பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் கூட்டத்துள் பாய்ந்ததால் 7 பேர் உயிரிழந்தனர். கூண்டும் பட்டியும் காருக்குள் இருப்பவரைக் காக்கும். வீதியோரத்தில் நிற்கும் பிள்ளையை அவை காக்கமாட்டா. ஆகவே யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளும், ஆனையிறவை நோக்கி நேராக ஓடும் ஏ 9 நெடுஞ்சாலையும் போட்டிக்குரிய இடங்கள் அல்ல. முறைப்படி மூடிய பாதையும், காவலும், வைத்திய உதவியும் அமைந்த இடத்திலேயே வேகம் தகும். மற்றை நாள்களில், வலிமையூட்டிய பழைய காரின் பெருமை, அது ஏற்றிச் சென்றவர்களைப் பத்திரமாக வீட்டுவாயிலில் இறக்கிவிடுவதே.